அமெரிக்காவுக்காகக் கோல் அடித்தவர் நெதர்லாந்துக்கு ஆடியிருக்க முடியுமா? லில்லி யோஹானஸும் ஃபிஃபாவின் தகுதி விதிகளும்

2024 ஜூன் 4 அன்று, மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் தென் கொரியாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் 72-ஆம் நிமிடத்தில், அமெரிக்க மகளிர் கால்பந்து அணியின் மாற்று வீராங்கனையாக லில்லி யோஹானஸ் முதன்முறையாகக் களமிறங்கினார். 82-ஆம் நிமிடத்தில் கோலும் அடித்தார். அவருக்கு 17 வயது நிறைய இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. அமெரிக்கா அந்த ஆட்டத்தை 3-0 என்ற கணக்கில் வென்றது.

அந்த மாதம் முடிவதற்குள் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணி அறிவிக்கப்பட்டபோது அவர் பெயர் அதில் இல்லை. பரிசீலனையிலிருந்து அவரே விலகிக்கொண்டதாகப் பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் தெரிவித்தார். அமெரிக்காவா, நெதர்லாந்தா என்ற முடிவை அவர் அப்போது எடுத்திருக்கவில்லை. அமெரிக்காவையே தேர்ந்தெடுப்பதாக 2024 நவம்பர் 11 அன்றுதான் அறிவித்தார்.

பல வாசகர்களைக் குழப்பியது இடைப்பட்ட அந்த ஐந்து மாதங்கள்தான். ஒரு நாட்டின் சீருடை அணிந்து கோலும் அடித்துவிட்ட ஒருவர், எந்த நாட்டுக்கு ஆடுவது என்று எப்படி யோசித்துக்கொண்டிருக்க முடியும்? தங்கப் பதக்கத்துக்கு வாய்ப்புள்ள ஓர் அணியில் சேரும் சந்தர்ப்பத்தை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை, உலகக் கால்பந்து நிர்வாக அமைப்பான ஃபிஃபாவின் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை அறிந்து பார்த்தால், ஊடகங்களில் தயக்கம் என்று பேசப்பட்டது உண்மையில் மிகக் கணக்கான ஒரு நகர்வு என்பது விளங்கும்.

மூன்று நாடுகளைத் தொடும் பின்னணி

யோஹானஸ் 2007 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். பெற்றோர் எரித்ரிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர்கள். 2017-இல், அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் கால்பந்து பயின்று வளர்ந்தது அங்கேதான். தொழில்முறை ஆட்டக்காரராக ஆனது ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்தில்.

2023 நவம்பரில் பாரிஸ் சாங் ஜெர்மைன் அணிக்கு எதிராக அயாக்ஸின் தொடக்கப் பதினொருவரில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 16 ஆண்டுகளும் 155 நாட்களும். ஐரோப்பியக் கழகங்களுக்கான மகளிர் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் குழுச் சுற்று ஆட்டமொன்றைத் தொடக்கத்திலிருந்தே ஆடிய மிக இளையவர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது. பாரிஸ், பயர்ன் மியூனிக், ரோமா ஆகியவை இருந்த கடினமான அந்தக் குழுவிலிருந்து அயாக்ஸ் காலிறுதிக்கு முன்னேறி, அங்கே செல்சியிடம் தோற்றது.

ஆக, பிறப்பால் அமெரிக்கா, வம்சத்தால் எரித்ரியா, வளர்ப்பால் நெதர்லாந்து என மூன்று நாடுகள் இந்தக் கதையில் இருக்கின்றன. எரித்ரிய மகளிர் அணி சர்வதேசக் களத்தில் தொடர்ச்சியாக ஆடும் அணி அல்ல என்பதால் நடைமுறையில் போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

அடிப்படைச் சொற்கள்

விதிகளுக்குள் போவதற்கு முன் சில சொற்களைப் பிரித்தறிந்துகொள்வது அவசியம். செய்திகளில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

1. குடியுரிமை: ஒரு நாட்டின் அரசு தரும் சட்டபூர்வ நிலை. இதை ஃபிஃபாவால் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

2. ஆடும் தகுதி: ஒரு தேசியக் கால்பந்துச் சங்கத்தின் அணியில் ஆட ஃபிஃபா அளிக்கும் அனுமதி. குடியுரிமை இல்லாமல் இது கிடைக்காது. குடியுரிமை இருப்பதால் மட்டும் கிடைத்தும் விடாது.

3. நட்பு ஆட்டம்: கோப்பைக்கோ தகுதிச் சுற்றுக்கோ தொடர்பில்லாமல் இரு சங்கங்கள் தமக்குள் ஏற்பாடு செய்துகொள்ளும் சர்வதேச ஆட்டம். புள்ளிவிவரங்களில் இது முழுமையான சர்வதேச ஆட்டமாகவே பதிவாகும். அமெரிக்கா ஆண்டுதோறும் நடத்தும் ஷீபிலீவ்ஸ் கோப்பை என்ற பெயரில் கோப்பை இருந்தாலும், அதன் ஆட்டங்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

4. அதிகாரபூர்வப் போட்டி: உலகக் கோப்பை, அதன் தகுதிச் சுற்று, கண்ட அளவிலான சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் போன்றவை. ஆடவர் ஒலிம்பிக் கால்பந்து 23 வயதுக்குட்பட்டோருக்கானது என்பதால் அதை மூத்தோர் நிலைப் போட்டியாக, அதாவது வயது வரம்பில்லாத முதன்மை தேசிய அணிகளின் போட்டியாகக் கருதுவதில்லை. மகளிர் ஒலிம்பிக் கால்பந்து அப்படியல்ல, அது முழுமையான மூத்தோர் போட்டி. யோஹானஸ் விஷயத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது.

பிணைப்பு எப்போது ஏற்படுகிறது?

ஃபிஃபா விதியின் சாரம் எளியது: ஒரு சங்கத்தின் அணிக்காக ஏதேனும் ஓர் அதிகாரபூர்வப் போட்டியில், ஒரு நிமிடமேனும் களமிறங்கிவிட்டால், அதன்பின் வேறொரு சங்கத்துக்கு ஆட முடியாது, விதிவிலக்குகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன. அணியில் பெயர் இடம்பெறுவதோ, மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் ஆட்டம் முழுவதும் அமர்ந்திருப்பதோ கணக்கில் வராது. நட்பு ஆட்டத்தில் எத்தனை கோல் அடித்தாலும் அதுவும் பிணைக்காது.

செயின்ட் பாலில் நடந்தது நட்பு ஆட்டம். எனவே 72-ஆம் நிமிடத்தில் உள்ளே வந்ததற்கும் 82-ஆம் நிமிடத்தில் அடித்த கோலுக்கும், பிணைப்பு விதியைப் பொறுத்தவரை மதிப்பு பூஜ்யம். மறுநாள் காலை அவர் நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், இந்த ஆட்டம் அதற்குக் குறுக்கே நின்றிருக்காது.

நெதர்லாந்துக்கு ஆடத் தகுதி இருந்ததா?

யோஹானஸின் பெற்றோரோ, பாட்டன் பாட்டிகளோ நெதர்லாந்தில் பிறந்தவர்கள் அல்லர். பின் எந்த வழியில் அவர் டச்சு அணிக்கு ஆட முடியும்? புதிதாகக் குடியுரிமை பெறும் ஒருவருக்கு ஃபிஃபா நான்கு வழிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்.

1. அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.
2. தாய் அல்லது தந்தை அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.
3. பாட்டனோ பாட்டியோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.
4. அந்நாட்டில் குறிப்பிட்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டும். பத்து வயதுக்கு முன் அங்கே வாழத் தொடங்கியவருக்கு மூன்று ஆண்டுகள். பத்து முதல் பதினெட்டு வயதுக்குள் வாழத் தொடங்கியவருக்கு ஐந்து ஆண்டுகள். பதினெட்டுக்குப் பின் வந்தவருக்கும் ஐந்து ஆண்டுகள். இளவயதில் வந்தவர்கள், தேசிய அணியில் ஆடுவதை நோக்கமாகக் கொண்டு இடம்பெயரவில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

நான்காவது வழி இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2004-இல் கத்தாருடன் எந்த உறவும் இல்லாத பிரேசில் நாட்டு ஆடவர் சிலரைக் குடிமக்களாக்கித் தன் அணியில் சேர்க்க அந்நாடு முயன்றது. பணம் கொடுத்துத் தேசிய அணி அமைக்கும் வழக்கம் பரவிவிடும் என்று அஞ்சிய ஃபிஃபா, பிறப்போ வம்சமோ இல்லாதவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவசரமாகக் கொண்டுவந்தது. 2008-இல் அது ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டதோடு, அந்த ஐந்தாண்டும் பதினெட்டு வயதுக்குப் பின் கழிந்திருக்க வேண்டும் என்றும் ஆனது. வெளிநாட்டு நட்சத்திரங்களுக்காகப் போடப்பட்ட அந்த வேலியில் மாட்டிக்கொண்டவர்களோ, பெற்றோரின் வேலைக்காகவோ அகதியாகவோ சிறுவயதிலேயே குடிபெயர்ந்த பிள்ளைகள். 2020 செப்டம்பரில் நடந்த ஃபிஃபா மாநாடுதான் வயதுவாரியான இன்றைய அளவுகளை வகுத்து இதைச் சரிசெய்தது.

யோஹானஸ் 2017-இல் வந்தவர். 2024-இல் ஏழு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பத்து வயதுச் சிறுமி டச்சுத் தேசிய அணியை மனத்தில் வைத்துக் குடிபெயர்ந்தாள் என்று யாரும் வாதிட முடியாது. ஃபிஃபா தரப்பில் பெரிய தடை எதுவும் இருந்திருக்காது. குறையாக இருந்தது குடியுரிமைதான்: அதைப் பெறுவதற்கான நடைமுறை அந்தக் காலகட்டத்தில் இன்னும் முடிந்திருக்கவில்லை.

ஒலிம்பிக்கை விட்டதன் கணக்கு

முடிச்சு விழுந்திருப்பது இங்கேதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு நிமிடம் களமிறங்கியிருந்தாலும் அது மூத்தோர் நிலை அதிகாரபூர்வ ஆட்டம் ஆகியிருக்கும். பின்னாளில் மனம் மாறினால் என்ன செய்ய முடியும்?

சங்கம் மாற வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஃபிஃபா அனுமதிக்கிறது. இந்த அனுமதியும் படிப்படியாக வளர்ந்ததே. 2004-இல் 21 வயதுக்குள் மாறலாம் என்றார்கள்; 2009-இல் பஹாமாஸில் கூடிய மாநாடு, மூத்தோர் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடாதவர்களுக்கு அந்த வயது வரம்பை நீக்கியது; 2020-இல் மூத்தோர் நிலையில் சிறிதளவு ஆடியவர்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. இந்தக் கடைசிக் கதவைத் தாண்ட வேண்டுமானால் கீழ்க்காணும் எல்லா நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும்.

1. முதல் சங்கத்துக்காக முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடிய நாளிலேயே, மாற விரும்பும் நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும்.
2. முதல் சங்கத்துக்குக் கடைசியாக ஆடியபோது 21 வயது நிறைந்திருக்கக் கூடாது.
3. நட்பு ஆட்டங்களையும் சேர்த்து, மூத்தோர் நிலையில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது.
4. கடைசி ஆட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும்.
5. உலகக் கோப்பையின் இறுதிக் கட்டப் போட்டியிலோ, கண்ட சாம்பியன்ஷிப்பின் இறுதிக் கட்டப் போட்டியிலோ ஆடியிருக்கவே கூடாது.

முதல் நிபந்தனையைத்தான் செய்திகள் பெரும்பாலும் தவறவிட்டன. டச்சுக் குடியுரிமை கைக்கு வராத நிலையில் ஒலிம்பிக்கில் களமிறங்கியிருந்தால், மற்ற நான்கும் நிறைவேறினாலும் முதலாவது எக்காலத்திலும் நிறைவேறாது. கடந்துபோன ஒரு நாளில் இல்லாத குடியுரிமையைப் பின்னாளில் யாராலும் உண்டாக்க முடியாது. 17 வயதில் ஆடும் ஓர் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்கள் வாழ்நாள் முழுமைக்குமான முடிவாகியிருக்கும். அந்தத் தொடரில் அமெரிக்கா, இறுதியாட்டத்தில் பிரேசிலை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது உண்மைதான். ஆனால் பதக்கம் வருமா என்பது ஜூன் மாதத்தில் யாருக்கும் தெரியாது. கதவு அடைபடும் என்பது மட்டும் அப்போதே உறுதியாகத் தெரிந்திருந்தது. பரிசீலனையிலிருந்து விலகியதை விசுவாசக் குறைவாகச் சித்திரித்தவர்கள் இந்த விதியைப் படித்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

டச்சு அணி அந்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியிடம் தோற்று வாய்ப்பை இழந்திருந்தது. ஆகவே நெதர்லாந்துத் தரப்பிலிருந்து உடனடியாகக் காட்டக்கூடிய ஆசை எதுவும் இல்லாதபோதும் அவர் காத்திருக்கத் துணிந்தார்.

இதே பாதையில் வந்த வேறு சிலர்

இந்த விதிகள் வெவ்வேறு வீராங்கனைகளிடம் வெவ்வேறு விதமாக வேலை செய்திருக்கின்றன.

கத்தரினா மக்காரியோ பிரேசிலின் சாவ் லூயிஸ் நகரில் 1999-இல் பிறந்து, 12 வயதில் அமெரிக்காவின் சான் டியாகோவுக்கு வந்தவர். வம்சத்தால் அமெரிக்கத் தொடர்பு இல்லாததால் அவருக்கு வாழ்விட வழி ஒன்றே இருந்தது. 2020 அக்டோபரில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவருக்கு ஃபிஃபாவின் அனுமதி 2021 ஜனவரியில் கிடைத்தது. அதே மாதம் கொலம்பியாவுக்கு எதிராக முதல் ஆட்டத்தை ஆடினார். குடியுரிமை கிடைத்தவுடன் ஆட முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோஃபியா ஹுயெர்ட்டாவின் கதை வேறு. அமெரிக்காவில் பிறந்தவர், தந்தை வழியில் மெக்சிகோ. 2012-இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு ஆடினார். மெக்சிகோவின் மூத்தோர் அணிக்கும் நட்பு ஆட்டங்களில் ஆடினார். இளையோர் உலகக் கோப்பையும் அதிகாரபூர்வப் போட்டியே என்பதால், 2017-இல் அமெரிக்க அணிக்கு வருவதற்கு அந்த ஒருமுறை மாற்றத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது. யோஹானஸ் போல எதிலும் பிணையாமல் காத்திருப்பவருக்கு இந்தச் செலவே இல்லை.

எதிர்த் திசையில் போனவர்களில் நடுக்கள வீராங்கனை அனிஸ்ஸா லஹ்மாரி குறிப்பிடத்தக்கவர். பிரான்ஸில் பிறந்து அந்நாட்டின் இளையோர் அணிகளில் ஆடிய அவர், பின்னர் தம் வேர்களைக் கொண்ட மொராக்கோவுக்கு மாறினார். 2023 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக, தடுக்கப்பட்ட பெனால்ட்டியின் பந்து திரும்பி வந்தபோது அதை வலைக்குள் தள்ளி, 1-0 என்ற வெற்றியைப் பெற்றுத் தந்தார். முதன்முறையாக உலகக் கோப்பை ஆடிய மொராக்கோவை அந்தக் கோல் கடைசிப் பதினாறுக்குக் கொண்டுசென்றது. அதே தொடரில் நியூசிலாந்தை வீழ்த்திய பிலிப்பைன்ஸ் அணியிலும் பெரும்பான்மையோர் அமெரிக்காவில் பிறந்தவர்களே.

பெரிய சங்கங்கள் சிறிய சங்கங்களின் வளத்தை உறிஞ்சுகின்றன என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. மொராக்கோவும் பிலிப்பைன்ஸும் காட்டுவது, ஓட்டம் இரு திசையிலும் இருக்கிறது என்பதையே. ஆனால் அது சமமான ஓட்டம் அல்ல. பெரிய அணி முதலில் தேர்ந்தெடுக்கிறது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் வம்ச நாட்டுக்கு வருகிறார்கள். எரித்ரியாவைப் போல, இயங்கும் மகளிர் அணியே இல்லாத நாடுகளுக்கு இந்த விதிகளால் எந்தப் பயனும் இல்லை.

நடுக்கள வீராங்கனைக்கு ஏன் இது கூடுதல் சிக்கல்?

முன்கள ஆட்டக்காரரின் வேலை, எந்த அணியிலும் ஏறக்குறைய ஒரே அளவுகோலால் அளக்கப்படுவது. தாக்குதலைத் தொடங்கிவைக்கும் நடுக்கள ஆட்டக்காரரின் நிலை அவ்வாறில்லை. யோஹானஸ் ஆடும் இடத்தில், தற்காப்பாளர் உதைத்த பந்து காலுக்கு வந்து சேருவதற்குள் இரண்டு தோள்களுக்கு அப்பாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உடலைப் பாதி திருப்பி நின்று, எதிராளி நெருங்கும் பக்கத்துக்கு மறுபக்கம் முதல் தொடுதலிலேயே பந்தை நகர்த்த வேண்டும். மூன்றாவது தொடுதலுக்குள் முன்னே அனுப்பிவிட வேண்டும். யார் எங்கே நிற்பார்கள் என்பது அணியின் ஆட்டமுறையைப் பொறுத்தது என்பதால், எந்த அணி என்ற கேள்வி இவருக்கு எப்படி ஆடுவது என்ற கேள்வியும் ஆகிறது.

டச்சுப் பயிற்சிமுறை இந்தத் திறனுக்கே முதலிடம் கொடுப்பது. அமெரிக்க அணியோ நெடுங்காலமாக வேகத்தையும் உடல்வலுவையும் நம்பி வந்தது. 2023 உலகக் கோப்பையில் கடைசிப் பதினாறிலேயே வெளியேறிய பின், பந்தைத் தக்கவைத்து ஆடும் நடுக்களம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. அவரது கால்பந்தைச் செதுக்கிய நாடு ஒன்று, அந்தக் கால்பந்து அதிகம் தேவைப்பட்ட நாடு மற்றொன்று. இரண்டாவதை அவர் தேர்ந்தெடுத்ததில், பிறந்த நாடு என்ற உணர்வோடு இந்தத் தேவைக்கும் பங்கிருக்கலாம் என்பது என் ஊகம்.

அறிவிப்புக்குப் பிறகும் திறந்திருக்கும் கதவு

நவம்பர் அறிவிப்பின் சட்ட மதிப்பு என்ன என்று கேட்டால், எதுவும் இல்லை என்பதே பதில். ஃபிஃபாவிடம் தேர்வைப் பதிவு செய்யும் படிவம் எதுவும் கிடையாது; பிணைப்பது களத்தில் ஆடும் அதிகாரபூர்வ ஆட்டம் மட்டுமே. அறிவிப்புக்குப் பின் 2024 டிசம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரிலேயே டச்சு அணிக்கு எதிராக அமெரிக்கா ஆடியதும், 2025-இல் அந்த அணி ஆடியவையும் நட்பு ஆட்டங்கள்தாம். 2025-இல் அயாக்ஸை விட்டு பிரான்ஸின் லியோன் கழகத்துக்கு யோஹானஸ் மாறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கழகம் மாறுவது நாட்டுத் தகுதியைத் தொடுவதில்லை.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. நட்பு ஆட்டங்களையும் சேர்த்து அவர் மூத்தோர் அணிக்காக மூன்று ஆட்டங்களைத் தாண்டிவிட்டதால், சங்கம் மாறும் விதிவிலக்கு இனி அவருக்குப் பயன்படாது. அதே சமயம் அதிகாரபூர்வ ஆட்டம் எதுவும் ஆடாத வரை அந்த விதிவிலக்கு அவருக்குத் தேவையும் இல்லை. அமெரிக்க அணிக்கு அடுத்து வரும் அதிகாரபூர்வப் போட்டி, 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கும் தகுதிப் போட்டியாக அமையும் 2026-ஆம் ஆண்டின் கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துக் கூட்டமைப்பு) மகளிர் சாம்பியன்ஷிப். அதில் அவர் களத்தில் கால் வைக்கும் முதல் நிமிடத்தில், 2024 ஜூனில் அடைபடாமல் காத்துக்கொண்ட அந்தக் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும்.